அத்தான் பிரேக் போட்ட வசனம்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எங்கள் தெருவில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் அதைப் பிடித்தார்கள். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பார். பயிற்சி வண்டி என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் அத்தானின் கால் அதை அழுத்தும். அதற்கு முன்பே வாய் ஆரம்பித்திருக்கும்.

அந்தக் காலுக்கு வண்டிக்குள், வண்டிக்கு வெளியே என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. டி.வி.யில் செய்தி வாசிப்பவர் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் தரையை மிதிக்கும். மாடியில் நான் தைக்கும் பள்ளிச் சீருடையில் பொத்தான் இம்மியளவு விலகியிருந்தால் மிதிக்கும். ஆலயத்தில் யாராவது வேதபாடத்தை ஓர் எழுத்து விட்டு வாசித்தால் போதும், எங்கள் பெஞ்சிலிருந்து 'டக்' என்று சத்தம் கேட்கும். வாசிப்பவர் முகத்தில் ஈயாடாது.

"விடுங்களேன், ஆண்டவருக்குப் புரியாதா?" என்பாள் அக்கா.

"ஆண்டவருக்குப் புரியும். கேக்குறவனுக்குப் புரியணுமில்ல?" என்பார்.

யார் எதைச் சொன்னாலும் அத்தான் 'சரி' என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கல்யாணத்தில் பாஸ்டர் கேட்டதற்கே தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பதில் சொன்னார். அந்தச் செருமலுக்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. அக்கா அன்றைக்கே மன்னித்துவிட்டாள். அவள் அப்படித்தான். வீட்டு முன்னறைதான் பயிற்சிப் பள்ளியின் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து போன் எடுத்து, யாருக்கு எப்போது வண்டி என்று சொல்வது அவள் வேலை. அத்தான் திட்டி அழவைத்து அனுப்பியவர்களை எல்லாம் இவள் போனில் பேசிப் பேசி மறுநாள் திரும்ப வரவைப்பாள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து நடத்தியதால்தான் அந்தப் பள்ளி ஓடியது. அத்தான் மட்டும் நடத்தியிருந்தால் வண்டியும் அவரும்தான் மிஞ்சியிருக்கும்.

அப்படிப்பட்ட வாய் ஒருநாள் காலை பாதி ரோட்டில் நின்றுபோனது.

அன்றைக்கு ஓட்டியவர் ஒரு பேக்கரிக்காரர். திருப்பத்தில் அத்தான் ஏதோ சொன்னார், வார்த்தையாகவே வரவில்லை, குழறியது. "சார் புது மாதிரி திட்றார்னு நெனச்சுட்டேன்" என்று பின்னால் எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் அந்த மனிதர். அத்தான் பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரங்கட்டவைத்தார். அதற்குப் பிறகு சாய்ந்துவிட்டார். பக்கத்து பிரேக்குக்கு ஆள் இல்லாமல் பேக்கரிக்காரர் வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவை. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். எங்கேயும் இடிக்கவில்லை. அவர் தாமதிக்காமல் கொண்டுபோனதால் உயிர் தப்பியது என்று டாக்டர் சொன்னார்.

மூளையில் ரத்தக் கட்டி. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் மெல்ல மெல்லத் தேறி, கைத்தடி பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தது. கையும் கொஞ்சம் அசைந்தது. பேச்சுதான் வரவில்லை. மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் வாய் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. அது என்ன வார்த்தை என்று நினைக்கிறீர்கள்? 'சரி'.

"பசிக்குதாங்க?"

"சரி."

"பசிக்கலையா?"

"சரி."

வாழ்நாள் முழுக்க யாருக்கும் சொல்லாமல் சேர்த்துவைத்திருந்த சரிகளையெல்லாம் இப்போது கொட்டித் தீர்த்தார் மனிதர். முதல் வாரம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு மத்தியானம் எதையோ கேட்டு "சரி, சரி, சரி" என்று கையை நீட்டிக்கொண்டேயிருந்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள், தலையணை கொண்டுவந்தாள், போர்வை கொண்டுவந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அதைப் பிடுங்கி வீசிவிட்டு, அத்தனை பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். ஜன்னல் வெயில் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். திரையை இழுத்துவிடச் சொல்லியிருக்கிறார். அந்தத் திரையைத் தைத்துக் கொடுத்தவளே நான்தான், எனக்கும் தோன்றவில்லை. மாடிக்கு ஓடிப்போய் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னாள்: "கை வரட்டும், வராம போகட்டும்டி. அவர் என்னைத் திட்டணும். வாய் நெறைய ஒரு திட்டு. அதைத்தான் ஆண்டவர்கிட்ட கேட்டுட்டிருக்கேன்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், தினமும். காலையில் இருபத்துமூன்றாம் சங்கீதம், சாயங்காலம் நூற்றுமூன்றாம் சங்கீதம். கருப்பு அட்டை வேதாகமம் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கும், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில். அத்தானின் வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வாசிப்பாள். சாயங்காலச் சங்கீதத்தில் 'உன் நோய்களையெல்லாம் குணமாக்கி' என்று வரும் இடத்தில் 'உன்' என்று வாசிக்கமாட்டாள். 'இவர் நோய்களையெல்லாம் குணமாக்கி' என்பாள். எங்கள் வீட்டில் வழக்கம் அது. வசனத்துக்குள் நம் ஆளை உட்காரவைத்துவிட வேண்டும். பிறகு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரைக் கொடுப்பாள். சத்தம் கிடையாது, கண்ணீர்க் கூத்து கிடையாது. அடுத்த வீட்டம்மாவிடம் பேசுகிற குரலில்தான் ஆண்டவரிடம் பேசுவாள்.

"இதுல மருந்து எது, ஜெபம் எது?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ரெண்டும் ஒரே மடக்குத் தண்ணியில உள்ள போகுது. உனக்கென்ன?" என்றாள்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் உண்டு. நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மைக்செட். அவர் ஜெபித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அன்றைக்கும் அதிரவைத்துவிட்டு, மாத்திரை டப்பாவைப் பார்த்து, "விசுவாசம் இருந்தா இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அப்படியா அண்ணே? அப்ப உங்க மூக்குக்கண்ணாடியைக் கழட்டி இங்க வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க. ரோட்டைப் பாத்துப் போங்க" என்றேன். அக்கா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். மைக்செட் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், அடுத்த தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சின்னக் குரலில் ஜெபித்துவிட்டுப் போனார்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கையில் ஒரு காலை. முந்தின நாள் முழுக்க அத்தானுக்குக் காய்ச்சல். அக்கா சரியாகத் தூங்கவில்லை, கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் கீழே வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வேதத்தைத் திறந்தாள்.

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடைவேன்."

டக்.

அத்தானின் இடது கால். தரையை ஓங்கி மிதித்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை.

"என்னங்க, கால் இழுக்குதா?" என்று பதறினாள் அக்கா.

"சரி" என்றார் அத்தான். கோபமான சரி.

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. பாதியில் நிறுத்தியதை முதலிலிருந்து தொடங்கினாள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடைவேன்."

டக், டக். அத்தானின் முகம் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போராடியது. "டை" என்றது. திரும்பவும் "டை." பிறகு, கிளச்சை விடத் தெரியாதவரிடம் சொல்வாரே அதே எரிச்சலோடு, "அடையேன்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"தாழ்ச்சியடையேன்."

அடையேன் என்றால் அடையமாட்டேன். 'யே' இருக்கவேண்டிய இடத்தில் ஒரு 'வே' வந்து உட்கார்ந்தால் போச்சு, அர்த்தம் தலைகீழ். ஆண்டவர் மேய்ப்பர், அதனால் நான் தாழ்ந்துபோவேன் என்று அக்கா காலங்காத்தாலே வாசித்து வைத்திருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை. அத்தானால் அதைத் தாங்கமுடியவில்லை. உயிர் போகிற நிலையிலும் பிரேக் போட்ட மனிதர், இதற்குப் போடமாட்டாரா?

அக்கா வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் பாவாடையைக் கீழே போட்டுவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து "சரி சரி" என்றார்.

பிறகு, பாத்திரம் கழுவும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நான் வேணும்னு தப்பா வாசிக்கலடி. நேத்தெல்லாம் அதுதான் மனசுல ஓடிட்டிருந்துச்சு, தாழ்ந்துதான் போயிட்டோம்னு. உள்ள இருந்தது வாயில வந்துடுச்சு." சோப்பு நுரைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் அதைப் போய்த் திருத்துறாரு பாரு."

மறுநாள் ஓர் எழுத்துப் பிசகாமல், நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அத்தான் கண்ணை மூடித் திருப்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, தப்பா வாசி."

"வேதத்தையா?" காதைப் பொத்திக்கொண்டாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

பாஸ்டரைக் கேட்காமல் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். பாஸ்டர் வந்தார். விஷயத்தை அவள் சொல்லி முடிக்கும்வரை மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆண்டவருக்கு வசனம் நல்லாவே தெரியும்மா. நீங்க தப்பா வாசிச்சா அவர் குழம்பிட மாட்டார்" என்றார். கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்று, "நானே அவர்கிட்ட எத்தனை பிரேக் வாங்கியிருக்கேன். மறுபடி வாங்கணும்னு ஆசையா இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து வீடு களைகட்டியது. 'புல்லுள்ள இடங்களில்' என்பதை அக்கா 'கல்லுள்ள இடங்களில்' என்பாள். டக். "புல்" என்பார் அத்தான். 'அமர்ந்த தண்ணீர்கள்' என்பதைக் 'கலங்கின தண்ணீர்கள்' என்பாள். டக். "அமர்ந்த." 'பொல்லாப்புக்குப் பயப்படேன்' என்பதைப் 'பயப்படுவேன்' என்றால் இரண்டு மிதி. பொய் சொல்லத் தெரியாதவள் என் அக்கா. ஒவ்வொரு தப்பையும் முகம் சிவந்துபோய், ஓரக்கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பாள். முடித்ததும் கைகூப்பி, "ஆண்டவரே, இது வேலைக்காக வாசிச்சது. இப்ப நிஜமா வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முழுச் சங்கீதத்தையும் முதலிலிருந்து சரியாக வாசிப்பாள். ஒருநாள் அவளுக்குப் போன் வந்துவிட, நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். "உமது கிளச்சும் உமது பிரேக்கும் என்னைத் தேற்றும்" என்று வாசித்தேன். அத்தான் மிதிக்கவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "கோலும்... தடியும்" என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஒரு பெண் வருவாள். பேச்சு டீச்சர் என்போம். பொறுமைசாலி. அவளிடம் அத்தான் முழுச் சங்கீதத்தையும் சொல்லிக் காட்டினார், அக்கா கூடவே சொல்ல, ஒரு தடங்கல் இல்லாமல். டீச்சர் கைதட்டினாள். அப்புறம் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். காபிக் கோப்பை.

"இது என்ன சார்?"

அத்தான் பார்த்தார். வாய் அசைந்தது. "சரி."

சாவி காட்டினாள். "சரி." கார் படத்தைக் காட்டினாள், காரை. "சரி." அத்தான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் எங்களை வாசல்வரை அழைத்துப்போய்ச் சொன்னாள்: "ஜெபம், பாட்டு, மனப்பாடமா இருக்கிறது இதெல்லாம் சில பேருக்கு முதல்ல திரும்பிடும். ரொம்ப நல்லது, தினமும் வாசிக்கிறதை விட்டுடாதீங்க. ஆனா அது ஏற்கெனவே கட்டி வெச்ச பேச்சு. அவரே யோசிச்சு, இந்த எடத்துக்கு இதுன்னு சொந்தமா ஒரு வார்த்தை எடுக்கணும். அது வந்துட்டா பின்னாடி ஒண்ணொண்ணா வரும்."

"வராம போகுமா?" என்று நான் கேட்டேன்.

"போகவும் செய்யலாம். பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்கா டீச்சரை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி சாயங்கால மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"நீ கேட்டியா இல்லையா, அவ சொன்னதை?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"கேட்டேன். வந்துடும்." வேதாகமத்தைத் திறந்து நூற்றுமூன்றாம் சங்கீதத்தில் விரலை வைத்தாள். "இங்க பாரு. நோய்களையெல்லாம்னு எழுதியிருக்கு. பாதி நோயின்னா எழுதியிருக்கு? ரோடு போட்டாச்சு. வண்டி வராமலா இருக்கும்?"

அந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். எரிச்சலோடு மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அப்புறம் நானும் அதே வசனத்தைச் சொன்னேன், 'இவர்' என்று போட்டு. வேறு என்ன செய்வது? அவர் எனக்கும்தானே அத்தான்.

நாட்கள் போயின. இப்போது அத்தான்தான் சங்கீதம் சொல்வார், அக்கா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பாள், தடுமாறினால் எடுத்துக்கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் அதே சரி.

அன்று காலை அக்கா காபி போட்டுவிட்டு, அத்தான் முன்னால் கோப்பையும் தட்டும் வைத்தாள். ஊற்றப் போகும்போது முன்னறையில் போன் அடித்தது. ரிவர்ஸ் எடுக்கையில் குப்பைத்தொட்டியை இடித்துவிட்டு, இனிமேல் வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்று, அத்தானுக்குப் பதிலாக வைத்திருந்த ஆளிடம் ஓட்டக் கற்கும் ஒரு பெண் போனில் அழுகிறாள். அக்கா அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வர நேரமாகிவிட்டது. வந்தவள் அவசர அவசரமாக உட்கார்ந்து வேதத்தைத் திறந்து, "ம், சொல்லுங்க" என்றாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன்.

அத்தான் ஆரம்பித்தார். மேய்ப்பர், புல்லுள்ள இடம், அமர்ந்த தண்ணீர், பள்ளத்தாக்கு எல்லாம் வரிசையாக வந்தன. கோலும் தடியும் வந்தன. "என் தலையை எண்ணெயால் அபிஷேகம்பண்ணுகிறீர்" என்றார். "என் பாத்திரம்" என்றார். நின்றுவிட்டார்.

"நிரம்பி" என்று அக்கா எடுத்துக்கொடுத்தாள்.

"என் பாத்திரம்" என்றார் மறுபடியும். தலையை ஆட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது, மூடியது, திறந்தது.

"காலி" என்றார்.

டக்.

இந்தத் தடவை மிதித்தது அக்காவின் கால். "நிரம்பி வழிகிறது" என்றாள் கண்டிப்பாக, கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல். "ஒழுங்கா சொல்லுங்க. வேதத்துல வெளையாட்டு வேணாம்."

அத்தான் இடது கையால் கோப்பையை எடுத்தார். அவள் மூக்குக்கு நேராக நீட்டி, கவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார்.

"காலி" என்றார். "இந்தாம்மா. காபி... எங்க?"

'இந்தாம்மா' என்றுதான் அவர் எப்போதும் அக்காவைக் கூப்பிடுவார். என் வாயிலிருந்த குண்டூசியெல்லாம் படிக்கட்டில் சிதறியது. அக்கா கோப்பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் கோப்பையைப் பார்த்தாள். எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறையிலிருந்து காபிப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஊற்ற ஆரம்பித்தாள்.

அவள் கோப்பையைப் பார்க்கவே இல்லை, அத்தான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு ஊற்றினாள். கோப்பை நிறைந்தது. விளிம்பைத் தாண்டித் தட்டில் இறங்கியது, தட்டிலிருந்து மேசையில் ஓடியது. நான் பாய்ந்து வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டேன். அக்கா ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

"போதுமாங்க?" என்றாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

அத்தான் வழிகிற காபியைப் பார்த்தார். மேசை விளிம்பிலிருந்து அது தன் வேட்டியில் சொட்டுவதைப் பார்த்தார். இடது கால் மெல்ல உயர்ந்தது. நான் 'டக்' கேட்கக் காத்திருந்தேன். உயர்ந்த கால் சத்தமில்லாமல் தரையில் இறங்கிக்கொண்டது.

"சரி" என்றார்.